பெயரில்லாமல் விற்கப்படும் பூங்கன்றுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மதிலோரம் நான்கு வருடங்களாக நிற்கும் பூச்செடி ஒன்றின் சரியான பெயர், அதன் கொப்பை மென்ற அயல்வீட்டு நாய்க்குட்டிக்கு வலிப்பு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கன்று விற்பவர்கள் பெயர் எழுதி விற்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நகருக்குச் சற்று வெளியே பூங்கன்று விற்கும் ஓரிடத்தில் அதை வாங்கியபோது "மூவர்ண மல்லிகை" என்று சொல்லித் தந்தார்கள். ஏமாற்றுவதற்காகச் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. பூ மணத்ததால் மல்லிகை என்றும், ஒரே கொப்பில் மூன்று நிறம் தெரிந்ததால் மூவர்ணம் என்றும் அவர்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். பூ விரியும் நாளில் அழுத்தமான கத்தரிப்பூ நிறமாக இருக்கும். மறுநாள் அது வெளிறும். மூன்றாம் நாள் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். முந்திய பூவும் பிந்திய பூவும் அருகருகே நிற்பதால், வீதியில் போகிறவர்கள் மூன்று செடிகளைச் சேர்த்து நட்டிருக்கிறோம் என்றே எண்ணுவார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் நாய்க்குட்டி எங்கள் முற்றத்தில் விளையாடியபோது இதன் இளங்கொப்பொன்றைக் கடித்து மென்றுவிட்டது. அன்று பின்னேரமே வாந்தி எடுத்தது. பிறகு உடல் நடுங்கி, கால்கள் விறைத்து, வலிப்பு வந்தது. மிருக வைத்தியர் முதலில் கேட்டதே "என்ன மரத்தைத் தின்றது?" என்றுதான். மல்லிகை என்றோம். மல்லிகை தின்று வலிப்பு வருவதில்லை என்பதால் அவர் வேறு காரணங்களைத் தேடத் தொடங்கினார். நாய்க்குட்டி நாலைந்து நாட்களில் தேறிவிட்டது என்றாலும், நாங்கள் சொன்ன பிழையான பெயரால் ஓர் இரவு வீணாயிற்று என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கைத்தொலைபேசிச் செயலி ஒன்று அந்தப் பூவின் படத்துக்கு மூன்று முறையும் மூன்று பெயர் சொன்னது. எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை படத்தைப் பார்த்துவிட்டு, "பூவை மட்டும் காட்டினால் காணாது தம்பி, ஒரு கொப்பாக முறித்துக்கொண்டு வாங்கோ" என்றார். கொப்பைப் பழைய பத்திரிகையொன்றின் மேல் வைத்து, பூவைத் தொடாமல் முதலில் இலைகளையே பார்த்தார். மல்லிகையின் இலைகள் சோடியாக எதிரெதிரே நிற்கும்; இதில் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி நின்றன. இலையைக் கிழித்தார், பால் வடியவில்லை. ஆகவே நந்தியாவட்டையுமில்லை, அலரியுமில்லை. பிறகே பூவைச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்தார். தனித்தனி இதழ்களாகத் தோன்றிய ஐந்தும் கீழே ஒன்றாய் இணைந்து மெல்லிய குழாயாக இறங்கின. மல்லிகையில் இரண்டே கேசரங்கள் இருக்க, இதன் குழாய்க்குள் நான்கு ஒளிந்திருந்தன. அவர் சொன்ன பெயர் புருன்ஃபெல்சியா. பிரேசில் நாட்டிலிருந்து தோட்டங்களுக்குப் பரவிய செடி. 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மூலிகை அறிஞர் ஒட்டோ புருன்ஃபெல்ஸின் நினைவாக இடப்பட்ட பெயர். கத்தரி, தக்காளி, புகையிலை, ஊமத்தை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இலை, பூ, காய் எல்லாமே நாய்களுக்கு நஞ்சு என்பது மிருக வைத்தியத்தில் நன்கு அறியப்பட்ட விடயம். பெயரைச் சொல்லியிருந்தால் அன்றிரவே வைத்தியருக்கு விளங்கியிருக்கும்.

மூன்று மொழி புழங்கும் கொழும்பில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். சிங்களத்தில் "அரலிய" என்பது விகாரைகளில் பூசைக்கு வைக்கும் மணமுள்ள பூ. தமிழில் அலரி, அரளி என்று நாம் சொல்வதோ கொடிய நஞ்சுள்ள வேறொரு செடி, அதைச் சிங்களத்தில் "கனேரு" என்பார்கள். ஒரே ஓசையை நம்பிக் கன்று கேட்கும் ஒருவர் எதை வீட்டுக்குக் கொண்டுபோவார் என்று யார் சொல்ல முடியும்? 1672இல் இங்கு வந்த ஒல்லாந்தக் கம்பனி வைத்தியர் பவுல் ஹேர்மன் உலர்த்திச் சேர்த்த செடிகளைக் கொண்டுதான் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதினார். அத்தனை பழைய பதிவுள்ள நாட்டில், நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் விற்கும் சாடிகளில் ஒரு பெயர்ச்சீட்டுக் குத்திவைப்பது பெரிய காரியமல்ல. தமிழ், சிங்களப் பெயர்களோடு தாவரவியல் பெயரும், நஞ்சுள்ளதாயின் அதற்கொரு குறியும் அதில் இருந்தால் போதும். விற்பவருக்கே பெயர் தெரியாவிட்டால், பூவும் இலையும் சேர்ந்த ஒரு கொப்பைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி உலர்த்திப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உலர்த்திய செடிகளைப் பெயரிட்டுச் சேர்த்துவைத்திருக்கும் தேசிய உலர்தாவரகத்தில் காட்டிக் கேட்கலாம்.

தங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் செடியின் பெயர் கேட்டுப் படம் அனுப்பும்போது, பூவோடு கணுவில் இலை நிற்கும் விதம், இலையின் அடிப்பக்கம், காய், பால் வடிகிறதா என்பன பற்றியும் அனுப்பும்படி கேளுங்கள். புருன்ஃபெல்சியாவை யாழ்ப்பாணத்திலோ மலையகத்திலோ மட்டக்களப்பிலோ ஏதாவது தமிழ்ப் பெயரால் அழைக்கிறார்களாயின், அதை அறிந்த வாசகர்கள் இப்பக்கத்திலேயே எழுதினால், எங்கள் மதிலோரம் குத்தவிருக்கும் சீட்டில் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.