குழாய்தான் உடைந்தது, சுவர் நிமிரவில்லை

மதிப்பிற்குரிய திட்ட மேலாளர் அவர்களுக்கும் தளப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை மேற்குத் தடுப்புச் சுவரோரத்து இன்க்ளினோமீட்டர் குழாயை, அதாவது சுவரும் மண்ணும் பள்ளத்துப் பக்கம் எவ்வளவு நகர்கின்றன என்று அளக்கப் புதைத்த குழாயை, மண் அள்ளும் இயந்திரம் நசுக்கியது உங்களுக்குத் தெரிந்ததே. இந்தப் பள்ளத்தில் இது மூன்றாவது குழாய்.

அந்தக் குழாயின் ஆழம் 30 மீட்டர். சாய்வை அளக்கும் புரோப் கருவியை அடிவரை இறக்கி, உள்ளே இருக்கும் வெப்பத்துக்கு அது பழகும்வரை காத்திருந்து, அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி எழுதிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். பிறகு 180 பாகை திருப்பி, மறுபடி அடியிலிருந்து. மொத்தம் 120 நிறுத்தங்கள். துளையின் வாய்மேல் கம்பிக்கட்டு கிடந்தால் கிரேன் ஓட்டுநரைக் கெஞ்சிக் காத்திருக்கும் நேரம் தனி. முதுகுவலி என் பாடு, அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

பக்கத்தில் புதுத் துளை போட்டாயிற்று. அதில் எடுத்த முதல் அளவே அடிப்படை என்றும், அறிக்கையில் நகர்வு 0 என்றும் எழுதச் சொல்கிறீர்கள். உடைவதற்கு முந்தின நாள், 12 மீட்டர் ஆழத்தில் நான் எழுதிய நகர்வு 31 மில்லிமீட்டர். நீங்கள் வகுத்த எச்சரிக்கை வரம்பு 30. குழாய் உடைந்த ஒரே இரவில் சுவர் நிமிர்ந்து, மண்ணும் பாவம் கழுவிக்கொண்டு பள்ளத்துக்கு வெளியே போய்விட்டதா, ஐயா?

பழைய நகர்வை ஆழத்துக்கு ஆழம் புதிய அளவோடு கூட்டி எழுத அனுமதியுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலையோரம் மெட்ரோ பள்ளம் சரிந்து நால்வர் இறந்ததை, பயிற்சி வகுப்பில் நீங்களே திரையில் காட்டினீர்கள். அங்கும் கருவிகள் முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அந்த அளவுகளை உரியபடி பொருட்படுத்தவில்லை என்பது விசாரணைக் குழு கண்ட குறைகளில் ஒன்று. படம் முடிந்ததும் எல்லோருக்கும் சமோசா தந்தீர்கள்.

மேலிடத்து வருகை என்றால் ஒரே இரவில் தடுப்புத் தகரம் முழுவதும் பெயிண்ட் பளபளக்கிறது. பாதுகாப்பு வாரத்துக்குப் பதாகை, தொப்பி, உறுதிமொழி. ஒரு துளையைச் சுற்றி நான்கு கம்பி நட்டுச் சிவப்பு நாடா கட்ட மட்டும் ஆறு வாரமாக ஆள் கிடைக்கவில்லை. கேட்டால், ‘அது உங்கள் பிரிவு வேலை’ என்கிறார்கள். உடைத்தது எந்தப் பிரிவு என்று நான் கேட்கவில்லை.

வரம்பு மீறிப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை வாராந்தர அறிக்கை போகிறது. அதற்குள், புதுத் துளையின் வரைபடத்தைப் பழைய நகர்விலிருந்தே தொடங்க எழுத்துவழி ஒப்புதல் தரும்படியும், மீதமுள்ள துளைகளுக்கு இரும்புப் பெட்டி பொருத்தும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அளவீட்டுப் பிரிவு ஊழியன்

பி.கு.: புதுத் துளையின் மூடிக்கு என் கைக்காசில் ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். சாவி வாயிற்காவலரிடம் இருக்கிறது.