பழசு என்பதால் விழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் பழைய போர் விமானங்களின் விபத்துகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் டல்லஸ், இங்கிலாந்தில் ஷோர்ஹம் இரண்டிலும் நடந்ததை விவரித்துவிட்டு, ஆயுள் முடிந்த இயந்திரங்களைப் பறக்கவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று முடித்திருந்தார்கள். விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல், இறக்கை, வால் இவற்றைப் பழுது பார்ப்பவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2022 நவம்பர் 12 அன்று டல்லஸில் நடந்த விமானக் கண்காட்சியில் பி-63 கிங்கோப்ரா என்ற போர் விமானம், பி-17 குண்டுவீச்சு விமானத்தின் மேல் பின்பக்கமாக வந்து மோதியது. பி-17இல் 5 பேர், கிங்கோப்ராவின் விமானி ஒருவர், ஆக 6 பேர் போய்விட்டார்கள். கிங்கோப்ரா சாதாரண விமானம் இல்லை. எஞ்சின் விமானிக்குப் பின்னால் இருக்கும், அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு அவர் இருக்கைக்கு அடியில் ஓடி முன்னால் உள்ள விசிறியைச் சுற்றும், ஏறி இறங்கப் பக்கவாட்டில் கார் கதவு மாதிரி ஒரு கதவு. மொத்தம் சுமார் 3,300 கட்டினார்கள், அதில் பெரும்பகுதி போர்க் காலத்தில் சோவியத்துக்குப் போய்விட்டது. டல்லஸில் அழிந்தது எஃப் ரகம். அந்த ரகத்தில் செய்ததே 2 விமானம்தான். அதனால் இனி அதைப் பார்க்கவே முடியாது.

சரி, ஏன் மோதியது? அமெரிக்க விசாரணை வாரியம் 2024 டிசம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. எஞ்சின் நின்றுவிட்டது என்றோ இறக்கை பலமிழந்தது என்றோ அதில் காரணம் சொல்லவில்லை. 3 போர் விமானங்கள் ஒரு கூட்டமாகவும் 5 குண்டுவீச்சு விமானங்கள் ஒரு கூட்டமாகவும் ஒரே நேரத்தில் பறந்தன, யார் எந்த உயரத்தில் பறப்பது என்று புறப்படும் முன்பே பிரித்துக் கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் கீழேயிருந்து ஒருவர் ரேடியோவில் அப்போதைக்கப்போது சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். நம் நெல்லை வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் எல்லாப் பக்கத்து வண்டியையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டு, ஒரு போலீஸ்காரர் நடுவில் நின்று வாயாலேயே சரி செய்வது போலத்தான் இது. கிங்கோப்ரா சாய்ந்து திரும்பும்போது அந்த விமானியால் பி-17ஐச் சரியாகப் பார்த்திருக்கவும் முடியாது. அன்றைக்குக் காலையில்தான் தொழிற்சாலையை விட்டு வந்த புது விமானமாக இருந்தாலும் மோதித்தான் இருக்கும்.

ஷோர்ஹம் எனக்கு இன்னும் நெருக்கமான விஷயம். அங்கே விழுந்தது ஹன்டர் என்ற பழைய ஜெட் போர் விமானம். வடக்கே ஒரு தளத்தில் நான் கிரீஸ் கையோடு வருஷக்கணக்கில் வேலை பார்த்தது அந்த விமானத்தில்தான். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை நிறுத்தியதும் ஹன்டர்தான். 2015 ஆகஸ்ட் 22 அன்று ஷோர்ஹமில் அது மேலே ஏறித் தலைகீழாகி இறங்கும் ஒரு செங்குத்து வட்டமடிக்கப் போய், உச்சியில் குறைந்தது 3,500 அடி இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 2,700 அடிதான் எட்டியது. மேலே போகும்போது வேகமும் போதவில்லை. கீழே நெடுஞ்சாலையில் இருந்த 11 பேர் இறந்தார்கள், விமானி பிழைத்துக்கொண்டார். ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தள்ளும் வெடிமருந்துக் குப்பிகள் காலாவதியாகியிருந்ததும் விசாரணையில் தெரிந்தது. அது பெரிய தப்பு, எங்கள் தளத்தில் அப்படி ஒரு விமானத்துக்கு யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டோம். ஆனாலும் அது தரையில் மோதியதற்குக் காரணம் அந்தக் குப்பி இல்லை.

நியாயமாகப் பேசுவதென்றால் 2011இல் அமெரிக்காவின் ரீனோவில் நடந்த விமானப் பந்தயத்தையும் சொல்ல வேண்டும். அங்கே மஸ்டாங் என்ற உலகப் போர்க் காலத்துப் போர் விமானம் ஒன்று விழுந்து விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கு ஏறாமல் இறங்காமல் சரிசெய்ய வாலில் இருக்கும் ஒரு சின்ன ட்ரிம் பட்டையைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் தளர்ந்திருந்தன. அதிர்வில் தளராமல் பிடித்துக்கொள்ள வேண்டிய பூட்டு நட்டுகளில் பழையவற்றையே கழற்றிக் கழற்றித் திரும்பப் போட்டதில் அவற்றின் பிடி போயிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் இது முழுக்க எங்கள் வேலை, நட்டைக் கையில் எடுத்தவனுடைய பொறுப்பு. விமானத்தின் ஆயுளை வருஷக் கணக்கில் மட்டும் யாரும் பார்ப்பதில்லை. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை தரையிறங்கியது, எந்தப் பாகம் எப்போது மாறியது, எல்லாம் பதிவேட்டில் இருக்கும். அந்தக் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தால் 70 வயது விமானமும் பறக்கும்.

நம் ஊரிலும் இதே பேச்சுதான். நம் விமானப்படையின் மிக்-21 போர் விமானத்தைப் 'பறக்கும் சவப்பெட்டி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். 1963இல் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது அது. அதில் இறந்த விமானிகளை நான் மறந்து பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு விபத்துக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது, அதையெல்லாம் ஒரு பட்டப்பெயருக்குள் போட்டு மூடினால் அடுத்த விபத்தை எப்படித் தடுப்பது?

இனி ஒரு கோரிக்கை. ஓய்வு பெற்ற மிக்-21களைக் காட்சிக்குக் கொடுக்கும்போது நம் திருநெல்வேலி மாவட்டமும் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் கயத்தாறில் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது, விஜயநாராயணத்தில் கடற்படை இருக்கிறது, ஊருக்கு ஊர் முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள். ஆனால் நம் பிள்ளைகள் ஒரு போர் விமானத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வழியில்லை. கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில் வைத்தால் நல்லது. ரோட்டோரத்தில் கம்பத்தில் மாட்டி வைப்பது மட்டும் வேண்டாம். நம் வெயிலுக்கு விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி நூல் நூலாக விரிசல் விடும், ரப்பர் பொடியாகும், தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்து உள்ளே அரிக்கும், எஞ்சின் வாயில் மைனா கூடு கட்டும். மேலே ஒரு கூரை, பக்கத்தில் அதன் வரலாறு நல்ல தமிழில், அது போதும். மாதம் ஒரு தடவை வந்து துடைத்து, எண்ணெய் போட்டு, பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல என்னைப் போன்ற பழைய ஆட்கள் பாளையங்கோட்டையிலேயே சிலர் இருக்கிறோம், சம்பளம் ஒன்றும் வேண்டாம். மாவட்ட நிர்வாகம் விமானப்படைக்கு எழுதிக் கேட்க வேண்டும், அதற்கு உங்கள் பத்திரிகை குரல் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப்படை வீரர்,
பாளையங்கோட்டை.