பரிசோதனைச் சீட்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிருக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்கள் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளியாகின்றன. எத்தனை பெண்கள் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு செய்தியிலும் தவறாமல் இடம்பெறுகிறது. அவர்களில் எத்தனை பேரை மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற விவரத்தை நான் எந்தச் செய்தியிலும் பார்த்ததில்லை. திண்டுக்கல் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். சொல்லப்படாத அந்தக் கணக்கைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இம்முகாம்களில் நடக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை மிக எளிமையானது. வினிகர் அளவுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாற்றம் அடைந்த செல்கள் இருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை. மேற்கொண்டு பார்த்தாக வேண்டும் என்றுதான் பொருள். அந்த ஒரு நிமிடத்தில் மேசையில் படுத்திருக்கும் பெண்கள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "ஒண்ணும் இல்லைல்ல சிஸ்டர்?" என்று கேட்பார்கள். எவ்வளவு பேரைப் பார்த்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு என் மனம் பழகவே இல்லை.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் நூறு நாள் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த, 42 வயதான, மூன்று பிள்ளைகளின் தாய். வெள்ளைத் திட்டு தெளிவாகத் தெரிந்ததால், கால்போஸ்கோப்பி என்ற உருப்பெருக்கிப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே அப்பரிசோதனை நடக்கும் மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். பிரசவ அறுவைச் சிகிச்சையில் டாக்டர் இருப்பதால் அடுத்த வாரம் வரச் சொன்னார்களாம். அடுத்த வாரம் களையெடுப்பு. அதற்கடுத்த வாரம் மாமியாருக்கு உடல்நலமில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடிப் போனபோது, நான் எழுதிக் கொடுத்த சீட்டு சுவரில் தொங்கிய காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் இரத்தப்போக்கோடு வந்தபோது நோய் கருப்பை வாயைத் தாண்டியிருந்தது. எங்கள் பதிவேட்டிலோ அவர் "பரிசோதிக்கப்பட்டவர்" என்ற எண்ணிக்கையில்தான் இருந்தார்.

இதை யாரையும் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அந்த டாக்டர் அன்று வேறொரு தாயையும் குழந்தையையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் இந்த நோய் நமக்குத் தரும் கால அவகாசத்தை நினைக்கும்போது நெஞ்சு பொறுப்பதில்லை. எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸின் சில வகைகள் உடலைவிட்டு நீங்காமல் தங்கிவிடும்போது ஏற்படும் மாற்றம், முற்றிய புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. இருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாகிறார்கள். ஏறத்தாழ 80,000 பேர் இறக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இயங்கும் மருத்துவ மையம், அடையாறு புற்றுநோய் நிலையத்தோடும் மேற்சொன்ன முகமையோடும் சேர்ந்து எங்கள் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 30 முதல் 59 வயது வரையிலான 31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களே இந்த அசிட்டிக் அமிலப் பரிசோதனையைச் செய்தார்கள். ஏழு ஆண்டுக் கண்காணிப்பில், பரிசோதனை நடந்த கிராமங்களில், நடக்காத கிராமங்களைவிடப் புதிதாக நோய் வருவது 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைவாக இருந்தன. இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அங்கே வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்ணுக்குக் கால்போஸ்கோப்பியும், தேவைப்பட்டால் மாற்றம் அடைந்த செல்களை உறையவைத்து அழிக்கும் உறைகுளிர்ச் சிகிச்சையும் கூடுமானவரை அதே வருகையிலேயே, அதே செவிலியர்களால் கொடுக்கப்பட்டன என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. இறப்பு குறைந்ததில் அந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் உறுதியான எண்ணம்.

பரிசோதனையைக் கிராமம்வரை கொண்டு சென்றதில் தமிழ்நாடு முன்னோடி என்பதில் ஐயமில்லை. 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கிய திட்டம் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடு என்றிருக்க, இங்கே 9.8 விழுக்காடாக இருந்தார்கள். ஆயினும் 2030-க்குள் 70 விழுக்காட்டுப் பெண்கள் பரிசோதனை பெற வேண்டும், நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினர் சிகிச்சை பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்குக்கு நாம் வெகுதொலைவில் நிற்கிறோம்.

சிகிச்சை யார் கையில் நடக்கிறது என்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. அதிக இரத்தப்போக்கு என்று வரும் பெண்ணுக்கு, கருப்பை வாயை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமல் கருப்பையை அகற்றிவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அகற்றிய பிறகு ஆய்வகத்திலிருந்து புற்றுநோய் என்று முடிவு வந்தால், அந்தப் பெண்ணுக்கு முறையான முதல் சிகிச்சை என்ற வாய்ப்பே கைநழுவிப் போகிறது. மீண்டும் ஓர் அறுவையோ, கதிர்வீச்சோ, இரண்டுமோ தேவைப்படும். சினைப்பைக் கட்டியிலும் இதே நிலைதான். "சாதாரண நீர்க்கட்டி" என்று நினைத்து அகற்றும்போது புற்றுக் கட்டி வயிற்றுக்குள் உடைந்துவிட்டால், சினைப்பைக்குள் அடங்கியிருந்த முதல் நிலை நோய்கூட அந்த நிலைக்குள்ளேயே தீவிரமான உட்பிரிவுக்கு ஏறிவிடுகிறது. மகளிர் புற்றுநோய் அறுவைக்கென்று எம்.சிஎச். என்ற தனி உயர்சிறப்புப் படிப்பு இருப்பதன் காரணம் இதுதான். அப்படிப் பயின்ற ஒரு மருத்துவராவது ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பணியில் இருக்க வேண்டும். கருப்பை வாய்ப் பரிசோதனை முடிவு இணைக்கப்படாத எந்தக் கருப்பை அகற்றல் சிகிச்சைக்கும், அவசர நிலை தவிர, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் தரக் கூடாது என்று அரசு விதி செய்ய வேண்டும்.

எல்லா மகளிர் புற்றுநோய்க்கும் முகாம் நடத்திவிட முடியாது என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது; அவர்களில் பாதிப் பேருக்கு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்து பார்த்தும், இறப்பு குறையவில்லை என்றே 2021-இல் முடிவு வந்தது. வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பது ஆகியவற்றை "கேஸ்" என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுவதே இப்போதைக்கு நமக்குள்ள வழி. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் அதிகரித்துவரும் நம் மாநிலத்தில் இதற்கும் மருத்துவர்கள் தயாராக இருக்க வேண்டும்.

புதிய வழிகளும் வந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) மாவட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை செய்த எச்.பி.வி. பரிசோதனை கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதற்கான மாதிரியைப் பெண்கள் வீட்டிலேயே தாங்களாக எடுத்துத் தர முடியும் என்பதால், மேசையில் படுக்கக் கூச்சப்பட்டு ஒதுங்குபவர்களும் இதன்மூலம் வருவார்கள். இந்த வைரஸுக்கு எதிராகச் சிறுமிகளுக்குப் போடும் தடுப்பூசியும் மிக அவசியமானது. ஆனால் இன்று ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமியின் தாய்க்கு ஊசியால் இனிப் பெரிய பயன் இல்லை. அவருக்குப் பரிசோதனைதான் பாதுகாப்பு.

மாவட்டந்தோறும் வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள், பிரசவப் பணியோடு கலக்காத தனிக் கால்போஸ்கோப்பிப் பிரிவு இயங்க வேண்டும். பரிசோதனையும், பயாப்ஸி என்ற திசு ஆய்வுக்கு மாதிரி எடுப்பதும், தகுதியானவர்களுக்குச் சிகிச்சையும் ஒரே வருகையில் முடிய வேண்டும். சீட்டு பெற்ற பெண்ணின் பெயர், அவர் சிகிச்சை முடிக்கும்வரை கிராம சுகாதாரச் செவிலியரின் பட்டியலிலிருந்து நீங்கக் கூடாது; மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போகும்போதே அந்தச் சீட்டைப் பற்றியும் விசாரிக்கலாம். நகரப் பஸ்களில் பெண்களுக்கு இப்போது கட்டணம் இல்லை. ஆனால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை இன்னும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு நிதியுதவி அளிப்பதைப்போல, மேல்பரிசோதனைக்கு வரும் நாளின் கூலியை இவர்களுக்கும் கொடுத்தால், காலண்டருக்குப் பின்னால் செருகப்படும் சீட்டுகளில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.