அந்த மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்: ஒரு பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். இந்த ஆண்டு அறிவியல் நாள் விழாவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் மேடையில்தான் இருந்தீர்கள். அதனால் ஆதியோடந்தமாகச் சொல்லப் போவதில்லை. அன்றைக்கு எழுந்து கேள்வி கேட்ட எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு நான் தாய்மாமன். சேலத்திலும் ஏற்காடு மலைக் கிராமங்களிலும் வீடுகளுக்கு டிஷ் மாட்டிக் கொடுக்கிறவன். பள்ளியின் பெயரை இங்கே போடவில்லை. உங்களுக்குப் புரிந்தால் போதும்.

நான் கேட்பது ஒன்றுதான். பாப்பாவிடம் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

சிறப்பு விருந்தினர் சொன்னது புதுக் கதை இல்லை. திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிட்டுப் போகின்றன, நாசாவே மிரண்டுபோனது என்று பல வருடங்களாக வாட்ஸப்பில் சுற்றுகிற சரக்கு. பாப்பா கேட்டது இதுதான்: "சார், ஓடிக்கிட்டே இருக்கிற செயற்கைக்கோள் நின்னா கீழ விழுந்துடாதா?"

சரியான கேள்வி ஐயா. நாலைந்து நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. அவர் சொன்ன 3 விநாடியில் அது 20 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். மேற்கிலிருந்து வந்தால் திருநள்ளாற்றையும் காரைக்காலையும் கடந்து கடலுக்கு மேலே போயிருக்கும். "நிற்கிற செயற்கைக்கோளும் உண்டே" என்று யாராவது கேட்கலாம். உண்டு, அதை நம்பித்தான் என் பிழைப்பே நடக்கிறது. சேலத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும் டிஷ் எல்லாம் தென்கிழக்குப் பக்கமாக முகம் காட்டிக்கொண்டிருக்கும். அந்தச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழல்கிற அதே கணக்கில் அவையும் சுற்றுவதால் நமக்கு நிற்பதுபோலத் தெரிகிறது. அவையும் விநாடிக்கு 3 கிலோமீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் திருநள்ளாற்றின் உச்சியில் அப்படி ஒன்றை நிறுத்திவைக்க யாராலும் முடியாது. டிஷ்ஷை ஒரு விரல்கடை தள்ளித் திருப்பினாலே சிக்னல் போய்விடும். இது எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரியும்.

இதை மேடையிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். விருந்தினருக்குப் பதில் தெரியவில்லை என்றால், "விசாரித்துச் சொல்கிறேன் கண்ணு" என்றிருக்கலாம். கௌரவம் ஒன்றும் குறைந்திருக்காது.

நீங்கள் செய்தது வேறு. மறுநாள் காலையிலிருந்து மதிய மணி அடிக்கும் வரை பாப்பாவை அலுவலக அறைக்கு வெளியே நிற்க வைத்தீர்கள். அப்புறம் என் அக்காவுக்குப் போன் போட்டு வரச் சொன்னீர்கள். அக்கா விசைத்தறிப் பட்டறையில் நூல் தார் சுற்றுகிறவர். பாதியில் எழுந்து வந்தால் அரைநாள் கூலி போச்சு. தலையில் ஒட்டியிருந்த நூல் பஞ்சைக்கூடத் தட்டாமல் ஓடிவந்தார், பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதோ என்று. வந்தவர் கண்ணெதிரில் நீங்கள் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். சிறப்பு விருந்தினரைக் குறுக்கிட்டேன், நம் பண்பாட்டைக் கேலி செய்தேன், இனி அனுமதி இல்லாமல் கேள்வி கேட்க மாட்டேன். 'பண்பாட்டைக் கேலி' என்பதில் 'க்' விட்டுப்போயிருந்ததாம். சிவப்பு மையில் சுழித்து, முழுக் கடிதத்தையும் மறுபடி எழுத வைத்திருக்கிறீர்கள். ஒற்றுப் பிழையில் இருந்த அக்கறையில் கால்வாசி அந்தக் கேள்வியின் மேல் இருந்திருக்கக் கூடாதா? அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். போட்டுவிட்டு வந்துவிட்டார். தான் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று அன்றைக்கு இரவு மகள் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து பாப்பா என்னிடம் எதையாவது கேட்பதற்கு முன்னால், "இதைக் கேக்கலாமா மாமா?" என்று கேட்கிறாள். வீட்டில், என்னிடம்!

பண்பாட்டைக் கேலி செய்தாள் என்று எழுத வைத்தீர்களே, எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அக்கா உருளுதண்டம் போடுவார். மலைக்கு வேலைக்குப் போனால் சேர்வராயன் குகைக்குள் குனிந்துபோய்க் கும்பிடாமல் நான் இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்புக்கும் போகிறேன். அதனால்தான் எனக்கு இரட்டைக் கோபம். திருநள்ளாற்றுப் பதிகத்தின் ஏடு மதுரை அனல்வாதத்தில் தீயில் இட்டும் வேகாமல் பச்சையாக இருந்தது, அதனால் அது பச்சைப் பதிகம் ஆனது என்று சம்பந்தர் வரலாறு சொல்கிறது. நம்புகிறவர்களுக்கு அது போதும். அந்த ஊருக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? இல்லாத சான்றிதழைக் காட்டி பக்தியை வளர்க்கப் பார்த்தால், அது பொய் என்று பிள்ளைக்குத் தெரிகிற அன்றைக்கு சம்பந்தரையும் சேர்த்துத்தான் தூக்கிப் போடும்.

சித்தாந்த வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவதையும் கேளுங்கள். சிவஞான சித்தியார் என்கிற சைவ சித்தாந்த நூலில் அருணந்தி சிவாச்சாரியார் தம் கொள்கையை நாட்டுகிற சுபக்கத்தில், முதலில் அளவையைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஒன்றை உண்மை என்று எதை வைத்துச் சொல்கிறாய், காண்டலா (நேரில் கண்டதா), கருதலா (ஊகித்ததா), உரையா (நூல் சொன்னதா) என்ற கணக்கு முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கிற பரபக்கத்தில் முதலில் வருகிறவன் கடவுளே இல்லை என்கிற உலகாயதன். அவன் கட்சியை முறையாக எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். அவனை வெளியே நிற்க வைத்துக் கடிதம் எழுதி வாங்கவில்லை. என் சிற்றறிவுக்கு எட்டியவரை, அறிவியலுக்கும் சமயத்துக்கும் நடுவே தத்துவத்துக்கு இருக்கிற வேலை இதுதான். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று இரண்டு பக்கமும் கேட்கிற வேலை. பாப்பா அன்றைக்குச் செய்ததும் அதுதான்.

மணிமேகலையிலும் ஓர் இடம் உண்டு. இளம்பெண் என்று உனக்கு யாரும் பொருள் சொல்ல மாட்டார்கள், வேற்றுரு எடுத்துக்கொள் என்று அவளுக்குத் தெய்வம் மந்திரம் கொடுக்கிறது. அவளும் மாதவன் (தவசி) வடிவில் வஞ்சி நகருக்குப் போய்த்தான் சமயக்கணக்கர்களிடம், அதாவது பல சமயத்து அறிஞர்களிடம், ஒவ்வொருவராகக் கேட்கிறாள். அடுத்த அறிவியல் நாளுக்கு எங்கள் பாப்பாவுக்கும் தாடி ஒட்டி அனுப்பட்டுமா?

நம்பிக்கை உள்ளவனுக்கு அறிவியல் வராது என்று நான் சொல்லவில்லை. கணிதமேதை ராமானுஜன் குடும்பத்துக்கு நாமக்கல் நாமகிரித் தாயார்தான் குலதெய்வம். நாமக்கல் 1997 வரை நம் சேலம் மாவட்டம்தானே. கனவில் தாயார் அருளிய சூத்திரங்கள் என்று அவர் சொன்னார். 1913இல் அவர் கடிதம் கிடைத்தபோது, கடவுள் நம்பிக்கை இல்லாத இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டி அதைக் கேலி செய்யவும் இல்லை, அப்படியே நம்பிவிடவும் இல்லை. நிரூபணம் கேட்டார். அந்தச் சூத்திரங்களில் பல உலகத்தையே அசத்தின. பகா எண்களைப் பற்றிச் சொன்னவற்றில் சில தவறாகவும் போயின. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து, ஒரே பக்தியோடு வந்தவை. எது நிற்கும், எது நிற்காது என்பதைச் சரிபார்த்துத்தான் சொல்ல முடிந்தது. ராமானுஜனிடமே நிரூபணம் கேட்கலாம் என்றால், உங்கள் சிறப்பு விருந்தினரிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்கக் கூடாதா?

விழா முடிந்த சில நாளில், மார்ச் 3ஆம் தேதி, சந்திர கிரகணம். பிள்ளைகளை வெளியே விட வேண்டாம் என்று பெற்றோர் குழுவில் ஒரு செய்தி வந்தது. நிலா நம்மூரில் எழும்போதே கிரகணம் விட்டுக்கொண்டிருந்தது, 6.47க்கு முடிந்துவிட்டது. வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், ஒன்றும் ஆகாது. பள்ளியில் தொலைநோக்கி வேறு இருக்கிறது, பீரோவுக்குள்! நம் முன்னோர் நிலாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள் இல்லை ஐயா. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி பரப்பி, கணக்கைப் பொதிந்துவைத்த மனப்பாட வாக்கியங்களை வைத்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்கிற வெள்ளைக்காரர் பதிவு செய்திருக்கிறார். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, முடிவு 52 நிமிடம் பிசகியது. பிசகு எவ்வளவு என்று அளக்க முடிந்தது பாருங்கள், பெருமை அங்கேதான் இருக்கிறது. 3 விநாடிக் கதையை எதைக்கொண்டு அளப்பது?

இன்னொரு பக்கமும் எனக்கு இதமாக இல்லை. விஷயம் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "கோயில் கோயில்னு பிள்ளைய கூட்டிட்டுப் போனா இப்படித்தான்" என்று எனக்கு வகுப்பு எடுத்தார். அவரிடமும் சண்டைதான் போட்டேன். 1944இல் திராவிடர் கழகம் என்ற பெயர் பிறந்தது இந்தச் சேலத்தில். கஞ்சமலைச் சித்தர் கோயில் இருப்பதும் இங்கேதான். இரண்டுக்கும் கூட்டம் சேர்கிற ஊர் இது. பெரியவர்கள் மேடை போட்டு வாதாடிக்கொள்ளட்டும், அதற்காக ஒரு பதின்மூன்று வயசுப் பிள்ளையைப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டாம்.

ஆராய்ந்து பார்க்கும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தில் 1976இல் சேர்த்த 51ஏ பிரிவு சொல்கிறது. கேள்வி கேட்கும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.

சரி, கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியர்கள் பாப்பாவுக்கு நல்லபடியாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதை மறக்கவில்லை. செயற்கைக்கோள் விழாதா என்று கேட்கும் அளவுக்கு அவளுக்குத் தெரிந்ததே அவர்களால்தான். சிறப்பு விருந்தினர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள். பள்ளிக் கோப்பில் நகல் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் உங்கள் அறிவியல் ஆசிரியை ஒருவர், அன்று கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொல்லட்டும். இனி யாரைப் பேச அழைத்தாலும் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் கேள்வி கேட்க ஒதுக்குங்கள்.

அக்காவுக்கு வேலை சாயங்காலம் ஐந்து மணிக்கு முடியும். அதற்குப் பிறகு நீங்கள் எந்த நாள் வரச் சொன்னாலும் அவரும் நானும் வருகிறோம். இந்த முறை அரைநாள் கூலி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் விரும்பினால் ஒரு டிஷ்ஷும் சிக்னல் மீட்டரும் கொண்டுவந்து பள்ளி மைதானத்தில் வைத்து, அந்தச் செயற்கைக்கோள் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்மாமன்,
சேலம்.