ஒரே சீசனோடு போன 'டோமா'

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. 'பரெட்டா' என்ற அமெரிக்கப் போலீஸ் டிவி தொடரைப் பார்த்துத்தான் இன்னொரு போலீஸ் தொடரான 'டோமா'வை எடுத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அது தலைகீழ். 'டோமா'வின் பைலட், அதாவது வெள்ளோட்டப் படம், 1973 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அக்டோபரில் ஏபிசி டிவி நிறுவனம் அதைத் தொடராக்கியது; 1974 மே மாதத்தோடு சரி. அமெரிக்காவின் நியூவர்க் நகரில் விதவிதமாக வேஷம் மாற்றித் துப்பறிந்த டேவிட் டோமா என்ற நிஜ போலீஸ்காரர்தான் மூலம். சில எபிசோடுகளில் அவரே சின்ன வேடத்தில் வந்து போவார், கவனித்துப் பார்.

ரேட்டிங் இல்லாமல் செத்த தொடர் என்பார்கள். அது பாதி உண்மைதான். வியாழன் இரவு 8 மணிக்கு, போட்டி நிறுவனமான சிபிஎஸ்ஸின் பிரபல குடும்பத் தொடர் 'வால்டன்ஸ்' எதிரில் போட்டால் எது தேறும்? பிறகு வெள்ளி 10 மணிக்கு மாற்றினார்கள். தொடர ஏபிசிக்கு மனமிருந்தது, நாயகன் டோனி முசான்டிக்குத்தான் இல்லை. ஒரு வருடம்தான் நடிப்பேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். சம்பளப் பேரம் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் ராபர்ட் பிளேக்கைப் போட்டு, மனைவி, வீடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓட்டல் அறையும் கொண்டைக்கிளியும் கொடுத்து, 1975 ஜனவரியில் 'பரெட்டா' ஆக்கினார்கள். அது 1978 வரை ஓடியது. என்னைக் கேட்டால் 'டோமா'தான் ஒரு படி மேல். சூசன் ஸ்ட்ராஸ்பர்க் செய்த மனைவி பாத்திரம் போனதும் கதையின் பயமே போய்விட்டது.

பிரதி கிடைப்பது ஏன் கஷ்டம் என்றால், மறுஒளிபரப்புக்கு நூறு எபிசோடாவது தேறினால்தான் நிலையங்களுக்கு வசதி. இது வாரம் ஐந்து போட்டால் ஐந்து வாரம்கூட வராது.

கிடைத்ததை வாங்கும் முன் ஒரு எபிசோடு ஓடும் நேரத்தைப் பார். 50 நிமிடத்தை ஒட்டி இருந்தால் முழுசு. 48 என்றால் உடனே வெட்டு என்று ஒதுக்காதே. நொடிக்கு 24 பிரேம் ஃபிலிமை 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்காக 25-இல் ஓட்டினால் நேரம் 4 சதவீதம் குறையும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். குரல் சரியாக இருந்து நேரம் 46-க்குக் கீழே போனால், விளம்பரத்துக்காகக் கத்தரி போட்டது. படம் முழுக்கச் சிவந்திருந்தால் அது பழைய 16 மி.மீ. ஃபிலிம் பிரதியிலிருந்து எடுத்தது. நீலப்பச்சைச் சாயம் வெளுத்துப்போனதால் வரும் கோளாறு அது. டிவியில் கலரைக் கூட்டினால் சிவப்புதான் கூடும். அடியோடு குறைத்துக் கறுப்பு வெள்ளையாகப் பார், முகபாவமாவது தெரியும்.

உன்னிடம் இருப்பது எத்தனை நிமிடம் ஓடுகிறது? எழுது.

அன்புடன்,
மூர்த்தி