மூத்தோர் லைசென்ஸ்: சான்றிதழோடு நிறுத்தாமல் கண்ணைச் சோதியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வயதானவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் சோதனை வைக்க வேண்டுமா என்று தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். எனக்கு வயது 68. காரும் ஓட்டுகிறேன், ஸ்கூட்டரும் ஓட்டுகிறேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சோதனை கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் எதைச் சோதிப்பது என்பதைப் பற்றி யாரும் எழுதாததால் இந்தக் கடிதம்.

முதலில் இப்போதுள்ள நடைமுறை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து ஆண்டுகளாகத்தான் லைசென்ஸைப் புதுப்பித்துத் தருகிறார்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் 1ஏ என்ற படிவத்தில் டாக்டரிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் யோசித்துத்தான் தயாரித்திருக்கிறார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, சாதாரண ஹாரன் சத்தம் காதில் விழுமா, கை கால்களில் குறை உண்டா என்று கேட்கிறது. டாக்டர் பரிசோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் கடைசியாகப் புதுப்பிக்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். சான்று வாங்கிய கிளினிக்கின் பெயர் இங்கே வேண்டாம். அந்த அறை பத்தடிக்குப் பத்தடி இருக்கும். சுவரில் எழுத்து அட்டை கிடையாது. "சுகர், பிரஷர் இருக்கா?" என்று கேட்டார்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். அவ்வளவுதான். படிவத்தில் எல்லா இடத்திலும் டிக் போட்டு, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார்கள். நான் போட்டிருந்த கண்ணாடியைக்கூட யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. 25 மீட்டர் என்றால் இரண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினாலும் மிச்சமிருக்கும் தூரம். அந்த அறைக்குள் அதை எப்படிப் பார்க்க முடியும்? ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டு புது லைசென்ஸ் தந்துவிட்டார்கள். வண்டியை ஓட்டிக் காட்டு என்று யாரும் சொல்லவில்லை. சட்டமும் அதைக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிய 42 வயதுக்காரருக்கு லைசென்ஸ் அப்படி முடிந்திருந்தால் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்ட வேண்டும். நாள் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே வரும் 82 வயதுக்காரருக்கு அது கிடையாது. தேதியைத் தவறவிட்டவருக்குச் சோதனை, பார்வையைத் தவறவிட்டவருக்கு ஒன்றும் இல்லை என்பது எந்த விதத்தில் சரி?

பார்வை என்று நான் சொல்வது எழுத்து அட்டையைப் படிப்பதை மட்டுமல்ல. கண் முகாம்களில் நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் புரியும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆறு மீட்டரில் நிற்க வைத்து ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் படிக்கச் சொன்னேன். கடைசி வரிக்கு முந்தைய வரி வரைக்கும் தடங்கல் இல்லாமல் படித்தார். "கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு, இவதான் பிடிவாதமா இழுத்துட்டு வந்துட்டா" என்றார். மகள் விடவில்லை. "அப்பா, காரோட இடது பக்கத்தைச் சொல்லுங்க" என்றார். இடது பக்கக் கண்ணாடி இரண்டு முறை உடைந்திருக்கிறது. இடது பக்கக் கதவு முழுக்கக் கீறல். கேட் குறுகல் என்று அவர் சொன்னார். அந்தக் கேட் வழியாகத்தான் பல வருஷமாகக் கார் போய் வந்துகொண்டிருக்கிறது என்றார் மகள்.

அவருக்கு எதிரே முழங்கால் முட்டுகிற மாதிரி உட்கார்ந்தேன். "ஐயா, என் மூக்கையே பாருங்க, வேற எங்கேயும் பார்க்காதீங்க. பக்கத்துல விரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றேன். கையை அவருடைய காதுக்கு நேராக வெளியே நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே மெதுவாக உள்ளே கொண்டுவந்தேன். எனக்கு என் விரல் எப்போதோ தெரிந்துவிட்டது. அவர் பேசாமல் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அவர் கன்னத்துக்கு நேரே வந்த பிறகுதான், "ஆங், இப்போ தெரியுது" என்றார். இரண்டு கண்ணிலும் அப்படித்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கே குளுக்கோமா என்று உறுதி செய்தார்கள். கண் நீர் அழுத்த நோய் என்று நாங்கள் சொல்வது.

இந்த நோய் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். நடுப் பார்வை கடைசி வரைக்கும் தெளிவாக இருக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. ஓரத்தில் தெரியாத இடத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும் என்பதால் கறுப்பாக எதுவும் தோன்றாது. நோயாளிக்குச் சந்தேகம் வரவே வழியில்லை. அந்த ஆசிரியர் 25 மீட்டரில் நம்பர் பிளேட்டைப் படித்திருப்பார். 1ஏ படிவத்தின் கேள்விகளை எந்த டாக்டர் எவ்வளவு நேர்மையாகக் கேட்டிருந்தாலும் அவர் தேறியிருப்பார். ஆனால் இடது பக்கச் சந்தில் இருந்து சைக்கிளில் வெளியே வரும் பிள்ளை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

கண்புரை வேறு மாதிரி. பகலில் ஓரளவு சமாளித்துவிடலாம். ராத்திரி எதிர் வண்டியின் வெள்ளை எல்.இ.டி. விளக்கு அடித்தால் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பரவி ரோடே மறைந்துபோகும். புரை இல்லாத கண்ணுக்கும் வயதானால், வெளிச்சம் உள்ளே போகும் துளையான பாவை சுருங்கி லென்ஸ் மஞ்சளடிக்கும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். திருச்சியில் இருந்து கரூர் ரோட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிளம்பிப் பாருங்கள். குளித்தலை வரைக்கும் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். எதிரே வருவது ஜல்லி லாரியா டவுன் பஸ்ஸா என்று கிட்டே வந்த பிறகுதான் தெரியும். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் ஓட்டுவதை நானே விட்டுவிட்டேன்.

கண்ணோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று கழுத்து. தேய்மானத்தால் கழுத்தைத் திருப்ப முடியாதவர் கண்ணாடியில் தெரியாத இடத்தைப் பார்க்க மாட்டார், ரிவர்ஸ் எடுக்கும்போதும் திரும்ப மாட்டார். இன்னொன்று பாதம். நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போகும். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் முகாமுக்கு நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கால் பிரேக்கில் இருக்கிறதா ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இப்போது கியர் இல்லாத கார்களை வாங்கி அப்பாவுக்குக் கொடுக்கிறார்கள். அதில் பெடல் மாறி மிதித்தால் வண்டி பாய்ந்துவிடும். ஜப்பானில் 2019 ஏப்ரலில், டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில், 87 வயதுக்காரர் ஒருவர் அப்படித்தான் பெடல் மாற்றி மிதித்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மூன்று வயதுக் குழந்தையும் அதன் தாயும் இறந்துபோனார்கள். அங்கே 75 வயதுக்கு மேல் புதுப்பிக்க ஞாபக சக்திச் சோதனை அதற்கு முன்பே இருந்தது. 2022 மே முதல், அந்த வயதில் குறிப்பிட்ட சில விதிமீறல்கள் செய்தவர்கள் வண்டியை ஓட்டியும் காட்ட வேண்டும் என்று சேர்த்தார்கள்.

"விபத்து செய்வதெல்லாம் இளவட்டங்கள், எங்களை ஏன் பிடிக்கிறீர்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் 18 முதல் 45 வயதுக்குள் உள்ளவர்கள். குடித்துவிட்டு ஓட்டுவதையும் வேகத்தையும் தடுப்பதுதான் பெரிய வேலை, சந்தேகமில்லை. அதற்காக, பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு கோளாறைக் கண்டுபிடிக்காமல் விட வேண்டுமா? குளுக்கோமாவைச் சீக்கிரம் பிடித்தால் சொட்டு மருந்திலேயே மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம். லைசென்ஸுக்காக வைக்கும் சோதனை ஒருவரின் கண்ணையே காப்பாற்றிவிடும். நான் இந்தக் கடிதத்தை எழுத அதுவும் ஒரு காரணம்.

வயதை மட்டும் வைத்து லைசென்ஸைப் பிடுங்குவதை நான் ஏற்க மாட்டேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி ஆரம்பித்ததே அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், 1976-இல், 11 படுக்கையோடு. மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கண்ணில் கத்தி வைத்தவர் அவர். 75 வயதில் என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 52 வயதில் சர்க்கரையால் விழித்திரை கெட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஆளைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுவது இதுதான். 60 வயதுக்கு மேல் புதுப்பிப்பவர்களுக்கு 1ஏ சான்றை அரசு மருத்துவமனையில், கண் பிரிவில் பார்த்த பிறகே தர வேண்டும், காசு வாங்காமல். எழுத்து அட்டை, விரலை ஆட்டிப் பார்க்கும் ஓரப் பார்வைச் சோதனை, கண் அழுத்தம், கழுத்துத் திருப்பம், பாதத்தில் உணர்ச்சி. ஓரப் பார்வையில் சந்தேகம் வந்தால் மட்டும் மெஷினில் பார்க்க அனுப்பினால் போதும். 75-க்கு மேல் ஒரு தடவை பிரேக் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து நிஜ ரோட்டில் ஓட்ட வேண்டும். மைதானத்தில் எட்டுப் போடச் சொல்ல வேண்டாம். எழுபது வயதில் எட்டுப் போடுகிறவரும் மார்க்கெட் முக்கில் ஆட்டோ குறுக்கே வந்தால் தடுமாறலாம். டூவீலருக்கும் இதே கணக்குத்தான். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் அதிகம் ஓட்டுவது மொபெட்தான், அதில் விழுந்தால் தாங்க ஒன்றும் இல்லை.

தேறாதவரை முழுசாக நிறுத்தவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 75 வயதில் இருந்து வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை உண்டு. 85-க்கு மேல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். அது வேண்டாம் என்றால், சொந்த ஊர்ச் சுற்றுவட்டாரத்துக்குள் மட்டும் ஓட்டும் லைசென்ஸை வாங்கிக்கொள்ளலாம். பகலில் மட்டும், சொந்தத் தாலுகாவுக்குள் மட்டும் என்று இங்கேயும் ஒரு லைசென்ஸ் ஏன் கூடாது? புரை முற்றியவருக்கு ஆபரேஷன் செய்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். நம் சட்டத்தின் 16-ஆவது பிரிவிலேயே, நோயால் ஓட்டத் தகுதியில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மருத்துவச் சான்று கேட்கலாம் என்று இருக்கிறது. என் பணிக்காலத்தில் நான் அனுப்பிய எந்த நோயாளியிடமும் அப்படிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் அவர் எப்படிப் போவார் என்று கேட்பவர்களுக்கும் பதில் வேண்டும். டென்மார்க்கில் வயதான ஓட்டுநர்களுக்கு ஞாபகச் சோதனை வைத்துப் பார்த்தார்கள். காரில் இறந்த முதியவர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை, நடந்தும் சைக்கிளிலும் போய் இறந்த முதியவர்கள் கூடினார்கள் என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். நம் ஊரில் நடைபாதையும் கிடையாது. மொபெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பெரியவரைக் கரூர் ரோட்டின் ஓரத்தில் நடக்கவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, நல்ல காரியம். சென்னையில் மாநகரப் பேருந்துகளில் 60 வயதானவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் தருகிறார்கள். அதை மாவட்டங்களுக்கும் கொண்டுவந்து, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தவருக்கு டவுன் பஸ் பாஸாகவே கொடுத்துவிடலாம். 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்தோர் ரயில் சலுகையையும் மத்திய அரசு திருப்பித் தர வேண்டும். ஓட்டாதே என்று சொல்கிற அரசுக்கு அந்தக் கடமை இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் ஆள் எங்கே என்பார்கள். என்னைப் போல ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். எழுத்து அட்டையும் ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தால் வாரத்தில் ஒரு நாள் சம்பளம் இல்லாமல் வந்து பார்க்க நான் தயார். போக்குவரத்து ஆணையரும் சுகாதாரத் துறையும் பேசி ஒரு மாவட்டத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும். எங்கள் மாவட்டத்தில் என்றால் முதல் ஆளாக என் கண்ணையே சோதிக்கச் சொல்லி வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
திருச்சி மாவட்டம்