அனுமதி வேண்டுமா, வேண்டாமா? யாரிடம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அனுமதியில்லாமல் கட்டியதற்கு நோட்டீஸ், சீல் என்று அடிக்கடி செய்தி வருகிறது. கட்டுவதற்கு முன்பே விவரம் கேட்கப் போனவன் என்ன பாடுபடுகிறான் என்பதையும் கொஞ்சம் எழுதுங்கள். இந்தச் சித்திரையில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. அப்பா கட்டியது, கீழ்த்தளமும் ஒரு மாடியும். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மொட்டைமாடியில் ஒரு ரூம் எடுக்கலாம் என்று நினைத்தோம். "இடுப்பளவு செங்கல் வச்சு மேல ஷீட் போட்டுரலாம்ணே, ஷீட்டுக்கெல்லாம் பிளான் கேக்க மாட்டாங்க" என்றார் கொத்தனார். எதிர்வீட்டுக்காரர், இப்போதெல்லாம் ஆன்லைனில் அன்றைக்கே அனுமதி கிடைத்துவிடுகிறது என்றார். அலுவலகத்தில் கேட்டால் "இன்ஜினியரைக் கூட்டிட்டு வாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இன்ஜினியரோ வரைபடத்துக்கு எவ்வளவு என்பதில்தான் பேச்சையே ஆரம்பித்தார். சரி என்று பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். அனுமதி வேண்டுமா என்பது என் கேள்வி. எந்த வகை அனுமதி வேண்டும் என்று வெப்சைட் என்னைக் கேட்டது.

கடைசியில் தங்கை மருமகன்தான் 2019 கட்டட விதிகளை எடுத்துவந்து படித்துச் சொன்னார். வெள்ளையடிப்பது, பூச்சு உதிர்ந்த இடத்தில் பூசுவது, தரைக்கு டைல்ஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு அனுமதி வேண்டாம். வீட்டின் பரப்பு கூடினால் வேண்டும். கூரை ஷீட்டா கான்கிரீட்டா என்பதல்ல பிரச்சினை, ரூம் என்றால் ரூம்தான். எதிர்வீட்டுக்காரர் சொன்னது சுயசான்றுத் திட்டம், அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்குவது. அது 2024 ஜூலையில் வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, அதுவும் தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நல்ல திட்டம். எனக்கு உதவாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது 1997லிருந்து இருக்கும் அரசு உத்தரவு. டேப் பிடித்து அளந்தோம். திண்ணை 2 அடி, கீழ்த்தளம் பழைய மச்சு என்பதால் 12 அடி, மாடி 11 அடி. 25 ஆகிவிட்டது. 9 மீட்டர் என்பது இருபத்தொன்பதரை அடி. மிச்சமுள்ள நாலரை அடியில் கோழி வளர்க்கலாம்!

உத்தரவு மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கள் மாடியில் நின்றால் கோயிலின் வடக்குக் கோபுரமான மொட்டைக் கோபுரம் இன்றும் முழுசாகத் தெரிகிறது, அது இந்த உத்தரவால்தான். ஆனால் நான் விசாரித்த நாலு பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே. கொத்தனார் பேச்சைக் கேட்டு ஷீட் போட்டிருந்தால், கல்யாணம் முடிந்த கையோடு இடித்திருக்க வேண்டும்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எந்தெந்தத் தெருக்கள் இந்த 9 மீட்டர் உத்தரவுக்குள் வருகின்றன என்று தமிழில் ஒரு போர்டு எழுதி ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் மாட்டுங்கள். வரி கட்டும் கவுண்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. வரிசையில் நிற்கிற நேரத்தில் படித்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடக்கு மாசி வீதி, மதுரை.